சாளைக்குப் பொதுப்பெயர்

நாகர்கோவில் மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
டயர் கடையின் மேல்மாடியில்
எனக்கு ஒரு நாற்காலி, பாதி மேசை,
எல்லாருக்கும் பிடிக்கும்படி எழுதும் வேலை.
நேற்று மெத்தைக்கு எழுதினேன்.
அதற்கு முந்தின நாள், பல் கட்டும் ஆஸ்பத்திரிக்கு.
இன்று கருவாடு.

குளச்சல் பெல்லார்மின் படியேறி வந்து வைத்த பொட்டலத்துக்கு
மூன்று உறை போட்டிருந்தார்.
மூன்றையும் தாண்டி
அது தன்னை அறிமுகம் செய்துகொண்டது.
ரெஜின் சார் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தார்.

"நல்லா எழுதணும் பிள்ளே.
மெட்ராஸ்காரன் வாங்கணும், மலேசியாக்காரன் வாங்கணும்,
மீனு திங்காதவனும் ஒருக்கா யோசிக்கணும்."

குளச்சல் சாளைக் கருவாடு என்று தொடங்கினேன்.
சாளை என்றால் மேற்கொண்டு யாருக்குத் தெரியும்,
மத்தி என்று போடு என்றார் ரெஜின் சார்.
போட்டேன்.
பெல்லார்மின் வாசித்துவிட்டு
"யாருக்க மீனு இது?" என்றார்.

சென்னையில் கவலை என்றும் சொல்வார்களாம்.
எழுதிப் பார்த்தேன்:
வெயிலில் காய்ந்த அசல் கவலை,
கால் கிலோ நூற்றியெண்பது,
இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.
சிரித்துவிட்டு அழித்தேன்.
அழித்திருக்க வேண்டாமென்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வரியில் மரச்சீனிக் கிழங்கு இருந்தது.
மரவள்ளி ஆயிற்று,
கப்பையாகி, குச்சிக்கிழங்காகி,
கடைசியில்
'பாரம்பரிய உணவுகளுடன்' என்று
தோலும் இல்லாமல் வேரும் இல்லாமல் வெந்து கிடந்தது.

நாற்றம் போய் மணம் வந்தது.
மணமும் சந்தேகம் தரும் என்று தனிச்சுவை வந்தது.
மணல் வேண்டாம், கடிக்குமென்று பயப்படுவார்கள்.
ஈயைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.
கடல் இருக்கட்டும்,
எந்தக் கடல் என்று மட்டும் சொல்லாதே.
பெல்லார்மின் பெயரைப் போடலாமா என்றேன்.
"பொதுவா இருக்கட்டுமே."

பொதுவாக இருந்தது:
கடலின் கொடை, உங்கள் இல்லம் தேடி.
தூய்மை. ஆரோக்கியம். நம்பிக்கை.

மெத்தைக்கும் ஏறக்குறைய இதைத்தான் எழுதியிருந்தேன்.
கடலை எடுத்துவிட்டால் பல்லுக்கும் பொருந்தும்.

பதினோராயிரம் பேர் பார்த்தார்கள்.
நானூறு பேர் இதயம் போட்டார்கள்.
ஒருவர் கும்பிடும் கைகள்.
ஒருவர், இது சோப்பா என்று கேட்டிருந்தார்.

வந்த ஆர்டர் ஒன்று:
மண்டைக்காடு புதூர்,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், பச்சை கேட்.
பெல்லார்மின் விலாசத்தை இரண்டு தரம் வாசித்தார்.
"இது எனக்க மச்சினியாக்கும்," என்றார்.
"பாவப்பட்டுப் போட்டிருக்கா."

பிறகு கேட்டார்,
கோபமே இல்லாமல்,
நான் அவர்களில் ஒருவரையாவது
நேரில் கண்டிருப்பேன் என்ற நம்பிக்கையோடு:
"எல்லாரும் எல்லாரும்ணு சொல்லுதியே பிள்ளே,
அவிய எங்க இருக்காவ?"

திறந்த ஜன்னலுக்குக் கீழே
புறப்படும் பஸ்ஸின் படியில் தொங்கியபடி
கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்:
திங்கச்சந்த, திங்கச்சந்த, திங்கச்சந்தேய்.
நின்றிருந்த கூட்டத்தில் முக்கால்வாசி
தலையைக்கூடத் திருப்பவில்லை.
ஏழு பேர் ஓடினார்கள்.
ஒருத்தி ஒற்றைச் செருப்போடு.

ரெஜின் சார் டீ குடிக்க இறங்கிய நேரம்
புதுப் பக்கத்தில் தட்டினேன்:
சாளை.
குளச்சல் பெல்லார்மின் காயப்போட்டது.
வீடெல்லாம் நாறும்.
அந்த நாற்றம் தெரிந்தவர்கள் கூப்பிடவும்.

அனுப்பும் பொத்தானின் மேல் விரல் வைத்திருக்கையில்
போன் அடித்தது.
மெத்தைக் கடைக்காரர்.
கருவாட்டுக்கு எழுதினது ரொம்ப நன்றாயிருந்ததாம்.
தங்களுக்கும் அதேமாதிரி
ஒன்று வேண்டுமாம்.